சலிப்பு எங்கிருந்து வருகிறது?

நேயர்களுக்கு வணக்கம்.

"எனக்கு எதில் ஆர்வம் என்றே தெரியவில்லை" என்று சொல்பவரிடம் கொஞ்சம் துருவிக் கேட்டால், பல சமயம் குறை ஆர்வத்தில் இருக்காது. செய்கிற வேலையில் தானாக முடிவெடுக்க ஒன்றுமே இருக்காது. இல்லாவிட்டால், மனம்விட்டுப் பேச அங்கே ஓர் ஆள் இருக்காது. இதைப் பார்க்காமல் வேலையை விடுபவர், ஆறே மாதத்தில் அதே சலிப்போடு புது நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்.

எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரையன் என்ற உளவியலாளர்கள் மனிதருக்கு அடிப்படையாக மூன்று தேவைகளைச் சொன்னார்கள்: தன் விருப்பப்படி செயல்படுவது, தன் திறமை வளர்வதை உணர்வது, பிறரோடு பிணைந்திருப்பது. ஒன்று மிகுந்திருப்பதால் இன்னொன்றின் குறை தீர்ந்துவிடாது. ஆகவே எது குறைகிறது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

ஒரு வாரம், செய்த ஒவ்வொரு வேலைக்கு எதிரிலும் மூன்று கேள்விகளை எழுதுங்கள். என்ன செய்வது, எப்போது செய்வது, எப்படிச் செய்வது: இவற்றை முடிவு செய்தது யார்? மூன்றும் பிறர் கையில் என்றால் மூச்சுமுட்டுவது இயல்பு. மேலதிகாரியிடம் மூன்றையும் கேட்டால் கிடைக்காது. 'எப்போது', 'எப்படி' இரண்டில் ஒன்றைக் கேட்டால் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

அடுத்து ஆர்வம். அது எங்கோ ஒளிந்திருக்கிறது, தேடி எடுத்தால் போதும் என்ற நம்பிக்கைதான் அதிகம் கெடுக்கிறது. பால் ஓகீஃப், கரோல் டுவெக், கிரெகரி வால்டன் என்ற உளவியலாளர்கள் மூவரும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களுக்குக் கருந்துளை பற்றிச் சுவையான காணொளி ஒன்றைக் காட்டி, பிறகு அதே பொருளில் கடினமான கட்டுரையைக் கொடுத்தார்கள். ஆர்வம் பிறவியிலேயே அமைவது என்று நம்பியவர்களின் உற்சாகம்தான் அதிகம் வடிந்தது. எந்தக் கலையிலும் தொடக்க மகிழ்ச்சி தீர்ந்து, கை இன்னும் பழகாத ஒரு காலம் உண்டு. "இது எனக்கானது இல்லை" என்று பலர் விலகுவது அங்கேதான். அப்போது பாடத்தின் அளவைக் குறையுங்கள், தவறை உடனே சொல்லக்கூடிய ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள்.

பிடித்ததைப் பிழைப்பாக்க நினைப்பவர்களுக்கு 1973இல் நடந்த ஒரு சோதனையைச் சொல்ல வேண்டும். படம் வரைவதில் ஆசையுள்ள மழலைப் பள்ளிக் குழந்தைகளில் ஒரு பிரிவினரிடம், வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொன்னார்கள். ஓரிரு வாரம் கழித்து விளையாட்டு நேரத்தில் பார்த்தால், அந்தக் குழந்தைகள் வரைந்த நேரம் மற்றவர்களில் ஏறத்தாழப் பாதிதான். சொல்லாமல் திடீரென்று பரிசு பெற்றவர்களுக்கு ஆசை குறையவில்லை. பரிசு தீங்கில்லை, வரைவதற்கான காரணம் பரிசாகிப் போனதுதான் தீங்கு. ஆகவே பிடித்த கலையில் ஒரு பகுதியை விலைக்கும் பாராட்டுக்கும் வெளியே, யாருக்கும் காட்டாமல் வைத்திருங்கள்.

பேரார்வமும் இரண்டு வகை என்கிறார் உளவியலாளர் ராபர்ட் வாலரான்ட். ஒன்று நம்மோடு இசைந்து வருவது, மற்றது நம்மை ஆட்டிவைப்பது. ஒருநாள் நிறுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். ஏக்கம் வந்தால் பரவாயில்லை. குற்ற உணர்வும் எரிச்சலும் வந்தால், வேறு எதிலும் மனம் நிற்காவிட்டால், இரண்டாவது வகை.

உறவுக்கு நேரம்தான் முதலீடு. நட்பை ஆராய்ந்த பேராசிரியர் ஜெஃப்ரி ஹால் கணக்குப்படி, அறிமுகமானவர் சாதாரண நண்பராகச் சுமார் 50 மணி நேரம், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல். வாரம் இரண்டு மணி நேரம் என்றால் முதலாவதற்கு 25 வாரம், இரண்டாவதற்கு ஏறக்குறைய இரண்டு வருடம். மாதம் ஒரு குழு என்று மாறிக்கொண்டே இருந்தால் இந்த மணி நேரம் யாரிடமும் சேராது. ஒரே குழு, ஒரே நாள் என்று வைத்துக்கொண்டு, வருகைப் பதிவோ அரங்கு ஏற்பாடோ ஏதாவது சின்னப் பொறுப்பை ஏற்றுக்கொள்ளுங்கள். பொறுப்பு இருந்தால் மற்றவர்கள் நம்மைத் தேடி வந்து பேசவேண்டியிருக்கும். கூச்சம் உள்ளவர்களுக்கு இதுவே பெரிய உதவி.

சில கூட்டங்கள் அன்புக்கு விலையாக நம் சுதந்திரத்தைக் கேட்கும். அதைக் கண்டறிய, சின்ன விஷயம் ஒன்றில் "இல்லை, எனக்கு வேண்டாம்" என்று சொல்லிப் பாருங்கள். வருத்தப்பட்டாலும் பழையபடி பழகுகிறார்களா, அல்லது முகம் கொடுக்காமல் ஒதுக்குகிறார்களா என்று அடுத்த இரண்டு மூன்று சந்திப்புகளில் கவனியுங்கள். ஒதுக்கினால், இனி வரும் நேரத்தை வேறிடத்தில் செலவிடத் தொடங்கலாம்.

நன்றி, வணக்கம்.