சுடுமண் பூக்கள் வீண் செலவல்ல

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

விக்டோரியா காலத் தொழில்நுட்பக் கல்லூரிகளின் கட்டட அலங்காரம் தேவையா, ஆடம்பரமா என்பது இன்றைய தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர், "லேத் ஓட்டப் படிக்கிற பையனுக்கு அரண்மனை எதற்கு? பெரிய கொட்டகை போதாதா?" என்று கேட்டார். கைதட்டலும் வாங்கினார். சரி, அவர் காட்டிய உதாரணத்தையே நானும் எடுத்துக்கொள்கிறேன். இங்கிலாந்தின் மான்செஸ்டரில், சாக்வில் தெருவில் நிற்கும் நகராட்சித் தொழில்நுட்பப் பள்ளி. ஸ்பால்டிங், கிராஸ் இருவரும் வடிவமைத்தது. 1895இல் வேலை தொடங்கி, விக்டோரியா ராணி மறைந்த அடுத்த ஆண்டு, 1902இல், பிரதமர் பால்ஃபர் திறந்து வைத்தார்.

அந்த ஊரின் அன்றைய காற்றை நினைத்துப் பாருங்கள். திரும்பிய பக்கமெல்லாம் பஞ்சாலைப் புகைபோக்கிகள். நிலக்கரிப் புகை மழையில் கரைந்து அமிலமாக இறங்கும். மணற்கல் முகப்பு கறுக்கும், அரிக்கும், உதிரும். அதனால்தான் சிவப்புச் செங்கல்லோடு, லீட்ஸ் நகரத்துப் பர்மண்டாஃப்ட்ஸ் சூளையின் சுடுமண்ணைச் சேர்த்தார்கள். கடும் வெப்பத்தில் சுட்ட மண்ணை அமிலம் அவ்வளவு எளிதில் தின்னாது.

அப்படியென்றால் முகப்பிலுள்ள அந்தச் சுடுமண் பூவேலை? உளி பிடித்து ஒவ்வொன்றாகச் செதுக்கியதல்ல ஐயா! கொழுக்கட்டைக்கு வைத்திருப்பதுபோல அச்சு ஒன்று செய்து, அதில் களிமண்ணை அழுத்தி, வேண்டிய மட்டும் எடுத்துக்கொள்ளலாம். காயும்போதும் சுடும்போதும் களிமண் சுருங்கும். எவ்வளவு சுருங்கும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு, அந்த அளவுக்கு அச்சைப் பெரிதாக்க வேண்டும். கணக்கு தப்பினால் சுவரில் பொருந்தாது. வேதியியல், அளவியல், வார்ப்புக்கலை மூன்றும் வகுப்புக்குள் நுழையும் முன்பே மாணவன் கண்ணில் படுகின்றன. இதையா வெறும் ஆடம்பரம் என்கிறீர்கள்?

வரிப்பணம் வீண் என்றார்கள். 1889இல் வந்த சட்டம், தொழில்நுட்பக் கல்விக்காக வரி விதிக்கும் உரிமையை உள்ளாட்சிகளுக்குத் தந்தது. மறு ஆண்டே மதுவரியின் ஒரு பங்கும் அதற்குத் திரும்பியது. 'விஸ்கிப் பணம்' என்றே அதற்குப் பெயர். மதுக்கடையில் சேர்ந்த காசு பள்ளிக்கூடத்துக்குப் போனதைவிட நல்ல செலவை எனக்குக் காட்டுங்கள்.

இன்னொன்று. 1824இல் தொழிலாளர்களுக்காகத் தொடங்கிய மெக்கானிக்ஸ் இன்ஸ்டிடியூட் வழியில் வந்தது இந்தப் பள்ளி. பகலெல்லாம் உழைத்துவிட்டு மாலையில் படிக்க வந்தவர்களின் மரபு இது. ஆக்ஸ்ஃபோர்டில் படிக்கும் பிரபு வீட்டுப் பிள்ளைக்குக் கோபுரம், சாயப்பட்டறைத் தொழிலாளிக்குத் தகரக் கொட்டகையா? இந்தப் பாகுபாட்டை நான் ஒருநாளும் ஏற்க மாட்டேன்.

அந்தக் கூரைக்கு வாருங்கள். பிரான்சிஸ் காட்லி என்ற பஞ்சாலை முதலாளி கொடுத்த வானாய்வுக்கூடம், 1903 முதல் அங்கே இருக்கிறது. அதன் குவிமாடம் காகிதக் கூழால் ஆனது! கனமில்லாததால், தொலைநோக்கி பார்க்கும் திசைக்கு அதை எளிதாகச் சுழற்றலாம். அழகும் பொறியியலும் எங்கே பிரிகின்றன என்று எதிரணி அந்தக் குவிமாடத்தில் கோடு போட்டுக் காட்டட்டும். அதுவரை தீர்ப்பை எங்கள் அணிக்கே தாருங்கள், நடுவர் அவர்களே.