கடல் வைரஸ் கொல்லவும் செய்யுது, குடுக்கவும் செய்யுது

தாராவி, மாட்டுங்கா, செம்பூர்ல இருந்தெல்லாம் வந்திருக்கிற எல்லாருக்கும் வணக்கம்ங்க. கொரோனாவுக்கு அப்புறம் வைரஸ்னு சொன்னாலே நமக்கு பயம்தான், ஆனா நான் பேசப்போறது பெரும்பாலும் மனுஷன சீண்டாத வைரஸ் பத்தி.

கடல் மேல்மட்டத்துல ஒரு மில்லி தண்ணி எடுத்தா பாக்டீரியா சுமாரா 10 லட்சம், வைரஸ் சுமாரா 1 கோடி. முன்னாடி லேப்ல வளத்து எண்ணுவாங்க, கடல் பாக்டீரியா முக்கால்வாசி லேப்ல வளரவே வளராது, அதனால கணக்கு ரொம்பக் கம்மியா வந்துட்டிருந்துச்சு, 1989ல நார்வே பெர்கன் யுனிவர்சிட்டிகாரங்க எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்ல நேரடியா எண்ணின பிறகுதான் இவ்ளோ இருக்குன்னே தெரிஞ்சுது.

இதுல பெரும்பாலானது ஃபேஜ், அதாவது பாக்டீரியாவ மட்டும் பிடிக்கிற வைரஸ், அதுலயும் தனக்குன்னு உள்ள இனத்தத்தான் பிடிக்கும். மேல ஒட்டும், தன் டிஎன்ஏவ உள்ள எறக்கும், அப்புறம் அந்த செல்லு பூரா வைரஸுக்கே வேலை பாக்கும், கடைசில வெடிச்சு புது வைரஸ் கொத்துக்கொத்தா வெளிய வரும். மேல்மட்ட பாக்டீரியால தினமும் 20-லேந்து 40 சதவீதம் இப்படி சாகுதுன்னு சொல்றாங்க.

சரி, வெடிச்சா என்னாகும்? உள்ள இருந்த நைட்ரஜன், பாஸ்பரஸ், இரும்பு எல்லாம் தண்ணில கரையுது, அத மத்த பாக்டீரியாவும் பாசியும் எடுத்துக்குது. அதுல ஒரு பங்கு உணவுச் சங்கிலில மேல மீன் வரைக்கும் போகாம கீழயே சுத்துறது உண்மைதான், ஆனா சத்து அவ்வளவா இல்லாத நடுக்கடல்ல இந்தச் சுழற்சி பெரிய ஆதாரம்னுதான் நான் சொல்வேன்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதாங்க. சைனெகோகாக்கஸ்னு ஒரு பாக்டீரியா, வெயில்ல தானே சாப்பாடு தயாரிச்சுக்கும். அதுக்குத் தேவையான டி1 புரோட்டீன் வெளிச்சம் பட்டுப்பட்டே கெட்டுப்போகும், புதுசு புதுசா செஞ்சுக்கிட்டே இருக்கணும், ஆனா வைரஸ் உள்ள பூந்ததும் பாக்டீரியாவோட சொந்த உற்பத்தி படுத்துடும், அப்போ வைரஸுக்கும் சக்தி கிடைக்காதுல்ல? அதனால அந்த புரோட்டீன் செய்யிற ஜீனையே வைரஸ் கையோட கொண்டு வருது! 2003ல இத கண்டுபிடிச்சாங்க, உசுரே இல்லன்னு நாம சொல்ற ஒண்ணு ஒளிச்சேர்க்கை ஜீன தூக்கிட்டுச் சுத்துதுன்னு நெனச்சா இன்னிக்கும் எனக்கு மலைப்பாத்தான் இருக்கு.

இந்த ஜீன் கொடுக்கல் வாங்கல் நம்ம ஒடம்பு வரைக்கும் வருது, அத மறைக்கக்கூடாது. காலரா பாக்டீரியா ஆத்துத்தண்ணி கடல்ல கலக்கிற எடத்துல இயல்பாவே வாழும். அதோட விஷ ஜீன் ஒரு ஃபேஜ் கொண்டாந்து வச்சதுன்னு 1996ல வால்டர், மெக்கலானோஸ்னு ரெண்டு விஞ்ஞானிங்க காட்டினாங்க. அதே காலரா பாக்டீரியாவ கொல்ற வேற ஃபேஜும் இருக்கு, டாக்கா பக்கம் தண்ணிய தொடர்ந்து சோதிச்சதுல அந்த ஃபேஜ் நெறைய இருந்தப்போ காலரா கேஸ் கம்மியா இருந்துச்சு.