கால் கிடைத்த பிறகு

நேயர்களுக்கு வணக்கம். கால் இழந்தவர்களுக்குச் செயற்கைக் கால் செய்து பொருத்துவது என் தொழில். செயற்கை உறுப்புகளால் ஒருவர் வாழ்க்கை எப்படி மேம்படுகிறது என்று பேசும்படி நிலையத்தார் அழைத்தார்கள். மேம்படுகிறது என்பதில் சந்தேகமே இல்லை. அடுத்தவர் தோளைப் பிடிக்காமல் கழிப்பறைக்குப் போக முடிவது எவ்வளவு பெரிய விடுதலை என்று, அப்படிப் போக முடியாமல் படுத்துக் கிடந்தவரைக் கேட்டால் சொல்வார். ஆனால், இதைப் பற்றி நாம் பேசும் விதத்தில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. செய்தித்தாளில் படம் வரும். மேடை, பொன்னாடை, வரிசையாக நாற்காலிகள், அவற்றில் அமர்ந்திருப்பவர்களின் மடியில் புத்தம் புதிய கால்கள். அந்தப் படத்தில் ஒருவராவது நடந்துகொண்டிருக்க மாட்டார். அன்று வாங்கிய கால் ஆறு மாதம் கழித்து எங்கே இருக்கிறது என்று பார்க்க எந்தப் புகைப்படக்காரரும் போவதில்லை. போனால், சில வீடுகளில் பரண்மேல் ஏறித்தான் படம் எடுக்க வேண்டியிருக்கும். கால் ஏன் பரணுக்குப் போகிறது என்பதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

பொற்கைப் பாண்டியன் கதை உங்களுக்குத் தெரியும். இரவில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டிய குற்றத்துக்காகத் தன் கையைத் தானே வெட்டிக்கொண்டு, பொன்னால் கை செய்து வைத்துக்கொண்ட அரசன். அவன் நீதியை எல்லாரும் பாடினார்கள். அந்தக் கையால் அவன் ஒரு வாய் சோறாவது அள்ளி உண்டானா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. அரசன், ஊட்டிவிட ஆள் இருந்திருக்கும். நம்மிடம் வருகிறவர்களுக்கு அந்த வசதி இல்லை.

1960-களில் ஜெய்ப்பூர் சவாய் மான்சிங் மருத்துவமனையில் எலும்பு சிகிச்சை நிபுணராக இருந்தவர் டாக்டர் பி. கே. சேத்தி. செயற்கைக் கால் பொருத்தி அனுப்பிய நோயாளிகள் கொஞ்ச நாளில் மறுபடியும் கக்கத்தில் கட்டையை வைத்துக்கொண்டு நடப்பதை அவர் கவனித்தார். கால் உடைந்துபோகவில்லை, வீட்டில் பத்திரமாக இருந்தது. அப்போது கொடுக்கப்பட்டவை மேலைநாட்டு அமைப்பில் செய்தவை. கணுக்கால் மடங்காது, ஷூ போட்டுக்கொண்டுதான் நடக்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்து, மேசையில் சாப்பிட்டு, ஷூவோடு வீட்டுக்குள் நடமாடுகிறவருக்கு அது நல்ல கால்தான். ராஜஸ்தான் விவசாயி தரையில் சம்மணமிட்டுச் சாப்பிடுகிறார். குந்தி உட்கார்ந்து களை எடுக்கிறார். கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுகிறார். சேற்றிலும் தண்ணீரிலும் இறங்குகிறார். அவர் ஒரு நாளில் செய்யும் வேலைகளில் பாதிக்கு அந்தக் கால் ஒத்துழைக்கவில்லை. அவர் அதைக் கழற்றி வைத்ததில் என்ன தவறு?

இதற்கு வழி கண்டவர் அதே ஊர்க் கைவினைஞர் ராம் சந்திர சர்மா. பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாதவர். கையில் தொழில் இருந்தது. மருத்துவமனைக்கு வரும் வழியில் சைக்கிள் பஞ்சராகி நின்ற கடையில் லாரி டயருக்கு ரப்பர் ஒட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது அவருக்கு யோசனை பிறந்தது என்று சொல்வார்கள். 1968-இல் டாக்டர் சேத்தியும் வேறு மருத்துவர்களும் அவரோடு சேர்ந்து உருவாக்கியதுதான் ஜெய்ப்பூர் கால். குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் செருப்புக்குப் போடும் மென்மையான ரப்பர், கணுக்காலுக்கு மரக்கட்டை. இந்த மூன்று துண்டுகளையும் டயருக்குள் இருக்கும் நூலிழை ரப்பரால் சுற்றி, மேலே தோல்நிற ரப்பரைப் போர்த்தி, பாத வடிவ அச்சில் வைத்துச் சூடேற்றினால் ஒரே பாதமாக வெளியே வரும். எல்லாப் பக்கமும் வளையும். ஷூ தேவையில்லை. நனைந்தால் துடைத்துக்கொள்ளலாம். இதற்கு அவர்கள் காப்புரிமை வாங்கவில்லை. யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம்.

டாக்டர் சேத்திக்கு 1981-இல் மகசேசே விருது கிடைத்தது. சர்மாவின் பெயர் அவ்வளவு தூரம் போகவில்லை. பட்டறையில் வேலை செய்கிறவன் என்ற முறையில் அதைச் சொல்லாமல் தாண்ட எனக்கு மனம் வரவில்லை. கண்டுபிடித்த முதல் சில ஆண்டுகளில் மிகச் சிலருக்கே இந்தக் கால் கிடைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1975-இல் டி. ஆர். மேத்தா என்ற அரசு அதிகாரி பகவான் மகாவீர் விக்லாங் சகாயதா சமிதி என்ற அமைப்பைத் தொடங்கி, வந்தவர்களுக்கெல்லாம் இலவசமாகப் பொருத்தத் தொடங்கிய பிறகுதான் அது ஊர் ஊராகப் போயிற்று.

அந்தப் பாதத்தில் விரல்களும் வடிவாக இருக்கும். கட்டை விரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் செருப்பு வார் நுழையும் இடைவெளி உண்டு. இது அலங்காரம் என்று நானும் நினைத்திருந்த காலம் உண்டு. ஒரு பெண் வந்தார். சாலை விபத்தில் முழங்காலுக்குக் கீழே இழந்தவர். நடை பழகி முடித்து, புறப்படும் நேரத்தில் கணவரை வெளியே அனுப்பிவிட்டு மெதுவாகக் கேட்டார்: “சார், இந்த விரலில் மெட்டி போட முடியுமா?” இரண்டாம் விரலைச் சுற்றி மெல்லிய அரத்தால் கொஞ்சம் ரப்பரைத் தேய்த்து எடுத்தோம். அவர் முந்தானையில் முடிந்து வைத்திருந்த மெட்டியை எடுத்து, குனிந்து, தானே போட்டுக்கொண்டார். பிறகு கொலுசுக்கு ஒரு வழி கேட்டார். அதற்கும் வழி இருந்தது. அந்தப் பெண் இன்றும் பழுது பார்க்க வரும்போது காலின் நிறம் வெளுத்துவிட்டது என்று சண்டை போடுகிறார். சண்டை போடுகிறவர்கள் காலைப் பயன்படுத்துகிறவர்கள். எனக்கு அவர்களைப் பிடிக்கும்.

பாதத்தைப் பற்றி இவ்வளவு பேசினாலும், காலைப் பரணுக்கு அனுப்புவது பெரும்பாலும் பாதம் அல்ல. அதற்கு மேலே இருக்கும் சாக்கெட். வெட்டியது போக மிச்சமிருக்கும் கால் உள்ளே போய் உட்காரும் கூடு அது. உடம்பின் முழுப் பாரத்தையும் அந்தக் கூட்டின் சுவர்தான் தாங்குகிறது. நம் உள்ளங்கால் பிறந்ததிலிருந்து பாரம் சுமந்து பழகிய தோல். கெண்டைக்கால் தோலுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. எங்கே அழுத்தலாம், எங்கே அழுத்தக் கூடாது என்று தெரிந்து செய்ய வேண்டும். முழங்கால் சிப்பிக்குக் கீழே இருக்கும் தசைநார் பாரம் தாங்கும். முழங்காலுக்கு வெளிப்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் சிறிய எலும்பு முனை தாங்காது. மிச்சக் காலின் மேல் மாவுக்கட்டுப் போட்டு, அதிலிருந்து அச்சு எடுத்து, அந்த அச்சை இங்கே கொஞ்சம் சுரண்டி, அங்கே கொஞ்சம் பூசித் திருத்துவோம். திறமை எல்லாம் அந்தத் திருத்தத்தில்தான் இருக்கிறது.

சாக்கெட் அடியில் கால் முனை சரியாகத் தொடுகிறதா என்று கண்ணால் பார்க்க முடியாது. அதற்கு ஒரு பழைய வழி உண்டு. முனையில் உதட்டுச்சாயத்தைத் தடவி, சாக்கெட்டைப் போட்டு நிற்க வைத்து, கழற்றி, உள்ளே டார்ச் அடித்துப் பார்ப்போம். சாயம் அடியில் இலேசாக ஒட்டியிருந்தால் சரி. ஒட்டவே இல்லை என்றால் நடுவில் காற்று நிற்கிறது. நாளடைவில் முனை வீங்கும். அப்பிக்கொண்டிருந்தால் முனையே பாரம் தாங்குகிறது, புண்ணாகும். பட்டறைச் சாமான் பட்டியலில் உதட்டுச்சாயம் என்று எழுதி அனுப்பினால் கணக்குப் பிரிவில் இருப்பவர்கள் மேலும் கீழும் பார்ப்பார்கள். அது வேறு கதை.

இத்தனையும் சரியாகச் செய்து அனுப்பினாலும் கால் அப்படியே இருப்பதில்லை. அறுவை முடிந்த முதல் மாதங்களில் வீக்கம் வற்றி, தசை மெலிந்து, மிச்சக் கால் இளைத்துக்கொண்டே போகும். முதலில் இறுக்கமாக இருந்த சாக்கெட் தொளதொளவென்று ஆகும். ஒரே நாளில்கூட வேறுபாடு உண்டு. காலையில் மிச்சக் காலுக்குப் போடும் துணி உறை ஒன்று போதுமாக இருந்தவருக்கு மாலையில் இன்னொன்று மேலே போட வேண்டியிருக்கும். இதைச் சொல்லித் தராமல் அனுப்பினால் கால் உள்ளே இறங்கி இறங்கி உரசும், கொப்புளம் வரும், அவர் கழற்றி வைப்பார், வீட்டார் பரணில் ஏற்றுவார்கள். சர்க்கரை நோயால் கால் இழந்தவர்களுக்கு இன்னும் ஆபத்து. உணர்ச்சி மங்கிய தோலில் கொப்புளம் வந்தது அவர்களுக்கே தெரியாது. இரவு கழற்றியதும் ஒரு கைக்கண்ணாடியில் அடிப்பக்கத்தைப் பார்க்கச் சொல்வோம். சிவப்புத் தடம் பத்து நிமிடத்தில் மறைந்தால் கவலையில்லை. மறையவில்லை என்றால் அடுத்த நாள் செயற்கைக் காலைப் போடாமல், கையில் எடுத்துக்கொண்டு வர வேண்டும். மிச்சக் காலைச் சோப்புப் போட்டுக் கழுவுவதும் இரவில்தான்; காலையில் கழுவி ஈரத்தோடு சாக்கெட்டுக்குள் விட்டால் தோல் ஊறிப்போகும்.

உழைப்பும் கூடுதல். விபத்தில் முழங்காலுக்குக் கீழே இழந்தவர் செயற்கைக் காலோடு நடக்க, மற்றவர்களைவிட ஏறத்தாழ 25 சதவீதம் அதிக சக்தி செலவாகும். முழங்காலுக்கு மேலே என்றால் அது 60, 70 சதவீதம்வரை போகும். அதனால்தான் நல்ல அறுவை மருத்துவர்கள் முழங்கால் மூட்டைக் காப்பாற்ற அவ்வளவு பாடுபடுகிறார்கள். வீட்டில் இருப்பவர்கள் பாசத்தில் அந்த மூட்டுக்குக் கீழே தலையணை வைத்துவிடுகிறார்கள். மூட்டு மடங்கியபடியே இறுகிப்போகும். பிறகு எவ்வளவு உயர்ந்த காலைக் கொடுத்தாலும் நேராக நிற்க முடியாது. தலையணையை எடுத்துவிடுங்கள்.

நாட்டியக் கலைஞர் சுதா சந்திரன் 1981-இல் திருச்சி அருகே பஸ் விபத்தில் சிக்கி, காலை இழந்தார். ஜெய்ப்பூர் கால் பொருத்திக்கொண்டு 1984-இல் மறுபடியும் மேடை ஏறினார். எல்லாரும் அந்த மேடையைச் சொல்கிறார்கள். வலியோடும் இரத்தக் கசிவோடும் அவர் செய்த பயிற்சியைக் கேட்பவர்கள் குறைவு. என்னிடம் வருகிறவர்களுக்கு அந்த நடனத்தைவிட அந்தப் பயிற்சிக் காலத்தைத்தான் சொல்வேன். ஆனால் இரத்தம் வந்தால் நிறுத்திவிட்டு வந்து காட்டுங்கள் என்றும் சேர்த்துச் சொல்வேன்.

இல்லாத கால் வலிக்கிறது என்று சொல்லப் பலர் வெட்கப்படுகிறார்கள். புத்தி பேதலித்ததாக நினைப்பார்களோ என்ற பயம். காலை இழந்த பெரும்பாலோருக்கு அந்த உணர்வு உண்டு. மூளையில் காலுக்கான இடம் அப்படியே இருக்கிறது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, பின்னர் அமெரிக்காவில் நரம்பியல் ஆய்வு செய்த வி. எஸ். ராமச்சந்திரன், 1990-களில் சாதாரண நிலைக்கண்ணாடி ஒன்றை நடுவில் நிறுத்தி, இருக்கும் உறுப்பின் பிம்பத்தை இல்லாத உறுப்பாக மூளைக்குக் காட்டினார். சிலருக்கு வலி தணிந்தது. எல்லாருக்கும் தணியாது, ஆனால் செலவில்லாத முயற்சி. செயற்கைக் காலைப் போட்டு நடக்க நடக்க வலி குறைகிறது என்று சொல்பவர்களும் உண்டு.

யாழ்ப்பாணத்தில் போர்க் காலத்தில், 1987-இல் ஒரு ஜெய்ப்பூர் கால் நிலையம் தொடங்கப்பட்டது. மிதிவெடியிலும் ஷெல்லிலும் கால் இழந்தவர்களுக்குக் கால் செய்து கொடுத்ததோடு அவர்கள் நிற்கவில்லை. சிறுதொழில் செய்யக் கடனும் கொடுத்தார்கள். எனக்கு அதில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். நடக்கத் தெரிந்தவருக்குப் போவதற்கு ஓர் இடம் வேண்டும். வேலை இல்லாதவர் காலைப் போட்டுக்கொண்டு வீட்டுத் திண்ணைவரை நடந்துவிட்டு, பிறகு அதையும் விட்டுவிடுகிறார்.

கை பற்றி ஒரு வார்த்தை. செயற்கைக் கைகளைப் பலர் கைவிடுகிறார்கள். ஒற்றைக் கையாலேயே பெரும்பாலான வேலைகளைச் செய்யப் பழகிவிடுவதும், பொய்க்கையில் தொடு உணர்வு இல்லாததும் காரணம். தசையின் மின்னசைவைக் கொண்டு இயங்கும் கைகளும், கணினி பொருத்திய முழங்கால்களும் இன்று இருக்கின்றன. நல்லவைதான். விலை லட்சங்களில். பழுதானால் பார்க்க ஆள் எங்கே என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. தமிழ்நாட்டில் அரசு வழியாகச் செயற்கைக் கால் இலவசமாகக் கிடைக்கிறது. உங்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரிக்கலாம். தொண்டு அமைப்புகளின் முகாம்களும் நடக்கின்றன. முகாமுக்குப் போவதை நான் தடுக்கவில்லை. கால் போட்டுப் பார்த்ததும் எழுந்து வந்துவிடாதீர்கள். அங்கேயே நடந்து பாருங்கள், உட்கார்ந்து எழுந்து பாருங்கள், தரையில் குந்திப் பாருங்கள், படி இருந்தால் ஏறிப் பாருங்கள். எங்கே குத்துகிறது என்று விரல் வைத்துக் காட்டுங்கள். இலவசமாகக் கொடுப்பவர்களிடம் குறை சொல்வதா என்று கூச்சப்பட வேண்டாம். வளரும் பிள்ளை என்றால் ஓராண்டு, ஒன்றரை ஆண்டில் கால் சிறிதாகிவிடும், அப்போது மாற்றித் தருவார்களா என்று பெற்றோர் கேட்க வேண்டும். மூன்று மாதம் கழித்துச் சாக்கெட் தொளதொளத்தால் யாரிடம், எந்த ஊருக்கு, எந்தக் கிழமையில் வர வேண்டும் என்பதைக் கால் வாங்கும் அன்றே அவர்கள் கையாலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வணக்கம்.