நானோமீட்டரை மீட்டராக்கினால்: விஆர், ஏஆர் வழியே மூலக்கூறு உயிரியல்

[திரையில்: அச்சடித்த டிஎன்ஏ படம்]

முறுக்கிய ஏணி மாதிரி இருக்கும் இந்தப் படம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒரு கேள்வி: முறுக்கு வலப்பக்கமா, இடப்பக்கமா? தாளைப் பார்த்துச் சட்டென்று சொல்ல வராது. வரைபவர்களே தடுமாறுகிறார்கள். நம் செல்களில் இருப்பது வழக்கமாக வலமுறுக்கு. இடமுறுக்காக அச்சான படங்களோ ஏராளம்.

[திரையில்: ஹெட்செட் மாட்டியவர் முன்னால் ஒரு தூண் எழுகிறது]

சரி, விஆர் ஹெட்செட்டை மாட்டிக்கொள்வோம். விஆர் என்றால் மெய்நிகர் உண்மை: கணினி உருவாக்கும் காட்சிக்குள்ளேயே நாம் நிற்பது போலக் காட்டுவது. ஒரு நானோமீட்டரை ஒரு மீட்டராக்குவோம், அதாவது நூறு கோடி மடங்கு. டிஎன்ஏ இப்போது 2 மீட்டர் தடிமனுள்ள தூண். அதைச் சுற்றி நடந்தால் இரண்டு பள்ளங்கள் வளைந்து வளைந்து மேலே ஏறுவது தெரியும். ஒன்றின் உயரம் சுமார் 2.2 மீட்டர், நிமிர்ந்தே நிற்கலாம். மற்றது 1.2 மீட்டர், குனிந்தால்தான் தலை நுழையும். பாடத்தில் வரும் பெரும்பள்ளமும் சிறுபள்ளமும் இவைதான்.

மரபணுக்களை இயக்கும் புரதங்களில் பல, பெரும்பள்ளத்தின் வழியாகவே டிஎன்ஏவின் எழுத்துகளைப் படிக்கின்றன. ஏன் என்று உள்ளே நின்று பார்த்தவருக்கு விளக்கவே வேண்டாம். அந்த எழுத்துகளின், அதாவது ஏணியின் படிகளான கார இணைகளின் விளிம்பு அங்கேதான் நன்றாகத் திறந்து கிடக்கிறது.

இதே அளவில், ஒரு மனித செல்லின் டிஎன்ஏவை நீட்டினால் சுமார் 20 லட்சம் கிலோமீட்டர் வரும். நிலவின் தூரத்தைப் போல ஐந்து மடங்கு. அத்தனையும் 6 கிலோமீட்டர் அகல உட்கருவுக்குள் சுருண்டு கிடக்கிறது!

[திரையில்: கம்பியும் தகடுமாக ஒரு பழைய மாதிரி]

மூலக்கூறைக் கையால் தொட்டுப் புரிந்துகொள்ளும் ஆசை ஒன்றும் புதிதல்ல. 1953-இல் வாட்சனும் கிரிக்கும் உலோகத் தகடுகளைக் கோத்துத்தான் டிஎன்ஏ மாதிரியைக் கட்டினார்கள். இன்று அந்தச் சிரமம் இல்லை. புரதம் போன்ற மூலக்கூறுகளின் முப்பரிமாண அமைப்புகளைச் சேர்த்து வைக்கும் புரதத் தரவு வங்கி 1971-இல் வெறும் 7 அமைப்புகளோடு தொடங்கியது. அதில் இப்போது 2 லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன. யாரும் இலவசமாக எடுக்கலாம். கைமெராஎக்ஸ் போன்ற மென்பொருளில் திறந்து அப்படியே விஆரில் பார்க்கலாம்.

[திரையில்: மேசை மேல் இரண்டு ஹீமோகுளோபின்கள், ஃபோன் வழியே]

ஏஆர், அதாவது மிகை உண்மை, நிஜக் காட்சியின் மேலேயே கணினிப் படத்தை வைத்துக் காட்டும். அதனால் நம் மேசை மறைவதில்லை, எதிரில் இருப்பவரின் முகமும் மறைவதில்லை. இரண்டு பேர் சேர்ந்து படிக்க எனக்குப் பிடித்தது இதுதான். ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதமான ஹீமோகுளோபினை ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளுங்கள், அரிவாள் செல் நோயில் வருவதை. அமினோ அமிலங்கள் கோத்த அதன் சங்கிலிகளில் ஒரு வகை பீட்டா சங்கிலி. அதில் ஆறாவது இடத்தைத் தேடுங்கள். குளூட்டாமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வாலின் என்ற வேறொரு அமினோ அமிலம் இருக்கிறது. தண்ணீரோடு ஒட்டாத அந்தச் சின்ன முனை, மேற்பரப்பில் துருத்திக்கொண்டு நிற்கும். மெதுவாகத் திருப்பிப் பக்கத்து மூலக்கூறை நோக்கி நகர்த்துங்கள். ஆக்சிஜனை இறக்கிவிட்ட அந்த ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் ஒரு குழி இருக்கும். வாலின் அதில் கச்சிதமாகப் பொருந்திக்கொள்ளும். இப்படி ஒன்றோடொன்று கோத்து நீளும் இழைதான் ரத்த சிவப்பணுவை வளைத்துவிடுகிறது. மாறியது ஒரே ஒரு அமினோ அமிலம்.

[திரையில்: மூலக்கூறைச் சுற்றித் தண்ணீர் நிரம்புகிறது; எல்லாம் நடுங்குகிறது]

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் தப்பு. விஆர் பொய்யும் சொல்லும். செல்லுக்குள் வெற்றிடம் கிடையாது, தண்ணீரும் புரதங்களும் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும். எதுவும் சும்மா நிற்பதில்லை. நிறங்களோ நாம் பூசியவை. முதல் நாளே இதை மாணவர்களிடம் சொல்லிவிட வேண்டும்.

இன்னொன்று, பிரமிப்பு வேறு, படிப்பு வேறு. விஆரில் கற்பதை ஆராயும் மக்ரான்ஸ்கி என்பவரின் குழு 2019-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே ஆய்வகப் பாடத்தைச் சிலர் ஹெட்செட்டிலும் சிலர் சாதாரணத் திரையிலும் செய்தார்கள். அங்கேயே இருப்பது போன்ற உணர்வு ஹெட்செட்காரர்களுக்கு அதிகம், கற்றதோ குறைவு. எனக்கு இதில் ஆச்சரியமில்லை. கண்ணுக்கு அவ்வளவு வேலை கொடுத்தால் மூளை எப்போது யோசிக்கும்? அதற்கு முந்தைய ஆண்டு பரோங், மேயர் என்ற ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், விஆர் பாடத்தை இடையிடையே நிறுத்திச் சுருக்கம் எழுதியவர்கள், நிறுத்தாமல் பார்த்தவர்களைவிட நன்றாகக் கற்றிருந்தார்கள்.

அதனால் வகுப்புக்கு முழு மணி நேர விஆர் வேண்டாம். ஐந்து நிமிடம் போதும், கையில் ஒரே ஒரு கேள்வியோடு: "வாலின் எங்கே போய் உட்காருகிறது?" தலை சுற்றுபவர் உடனே கழற்றிவிடலாம், அவருக்கு மேசை மேல் ஏஆர் இருக்கிறது. அப்புறம் எல்லோரும் ஹெட்செட்டை வைத்துவிட்டு, வெள்ளைத் தாளில் அந்தக் குழியை நினைவிலிருந்து வரையட்டும்.

[திரையில்: பென்சில் கோடு, பாதி வரைந்த குழி]