நள்ளிரவு ரயிலும் விடுதி அறையும்

நேயர்களுக்கு வணக்கம்.

இராமேசுவரத்தில் சிறிய தங்கும் விடுதி ஒன்றை நடத்தி வருபவன் நான். வேளை கெட்ட வேளையில் ரயிலை விட்டு இறங்கி, தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கதவைத் தட்டுகிறவர்களை நாள்தோறும் பார்க்கிறேன். மருத்துவத்துக்கும் விசாவுக்கும் நேர்முகத் தேர்வுக்கும் சென்னை செல்லும் நம் மண்டபம், பாம்பன், கீழக்கரைக்காரர்கள் அந்த ஊரில் இதே நிலையில்தான் நிற்கிறார்கள். நகரத்து நிலையத்திலிருந்து விடுதிக்குப் பத்திரமாகப் போய்ச் சேருவது பற்றிச் சொல்லும்படி வானொலி நிலையத்தார் கேட்டார்கள். என்னைக் கேட்டால், அந்தப் பயணத்தின் பாதுகாப்பில் பெரும்பகுதி ஊரில் பெட்டி கட்டுவதற்கு முன்பே, அறையைப் பதிவு செய்யும்போதே முடிவாகிவிடுகிறது என்பேன்.

2025 ஏப்ரல் 6 அன்று பாம்பன் புதிய பாலம் திறக்கப்பட்டபோது இராமேசுவரம் – தாம்பரம் ரயிலும் தொடங்கி வைக்கப்பட்டது. பிற்பகலில் இங்கே ஏறினால் விடிவதற்கு முன்பே தாம்பரத்தில் இறக்கிவிடும். வசதியான ரயில்தான், ஆனால் "மெட்ராஸ் வண்டி" என்ற நினைப்பில் எழும்பூரில் அறை எடுத்தவர், இருட்டில் ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தள்ளி இறங்கி நிற்பார். ஆகவே பயணச்சீட்டில் எந்த நிலையத்தின் பெயர் இருக்கிறது என்பதைப் பார்த்த பிறகே அறையைத் தேடுங்கள்.

அடுத்தது, பலர் எதிர்பாராமல் மாட்டிக்கொள்ளும் இடம். 12ஆம் தேதி அதிகாலை மூன்று மணிக்குப் போய்ச் சேருகிறவர் 12ஆம் தேதிக்கென்று அறையைப் பதிவு செய்கிறார். நண்பகல் 12 மணிக் கணக்கு வைத்திருக்கும் விடுதியில் அந்த அறை அன்று நண்பகலில்தான் அவருக்கு உரியதாகிறது. மூன்று மணிக்கு அதில் வேறொருவர் உறங்கிக்கொண்டிருப்பார். மேசையில் இருப்பவர் கையை விரித்தால், பெண்டு பிள்ளைகளோடு தெருவில் நின்று வேறு இடம் தேட வேண்டும். இரவில் வரும் ஆபத்துகளில் பாதி இப்படித் தெருவில் நிற்பதிலிருந்துதான் தொடங்குகிறது. உள்ளே வந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம் கணக்கிடும் விடுதியும் உண்டு, நண்பகல் கணக்கு விடுதியும் உண்டு. எந்தக் கணக்கு என்று தொலைபேசியில் கேளுங்கள்; நண்பகல் கணக்கென்றால் முந்தைய இரவுக்கே பதிவு செய்துவிடுங்கள். ஒரு நாள் வாடகை கூடத்தான் செய்யும், ஆனால் அந்த நேரத்தில் திறந்த கதவு அதற்குத் தகும். அதே அழைப்பிலேயே, இரவில் வெளிக்கதவைப் பூட்டுவார்களா, காவலாளியின் கைபேசி எண் என்ன என்பதையும் கேட்டு ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். கைபேசியில் மட்டும் பதிந்து வைத்தால், சார்ஜ் தீரும்போது எண்ணும் போய்விடும்.

எழும்பூரில் இறங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது வாசல். காந்தி இர்வின் சாலைப் பக்கம் ஒரு வாசலும், பூந்தமல்லி நெடுஞ்சாலைப் பக்கம் இன்னொன்றும் இருக்கின்றன. கென்னட் லேன் விடுதிகள் முதல் வாசலுக்கு எதிரே நடந்து போகும் தொலைவில்தான் இருக்கின்றன. தவறான வாசலில் வெளியேறியவர் நிலையத்தையே சுற்றி வரவேண்டும், அல்லது அந்தச் சிறு தொலைவுக்கு ஆட்டோக்காரர் கேட்பதைக் கொடுக்க வேண்டும். எந்த வாசல் என்பதையும் விடுதிக்காரரிடமே கேட்டுக்கொள்ளலாம்.

வாசலில் ஒருவர் வந்து, "அந்த லாட்ஜா? அது ஃபுல் ஆயிடுச்சு சார், பக்கத்துல நல்ல ரூம் இருக்கு" என்பார். இது எங்கள் ஊரிலும் நடக்கிறது. ஆளைக் கொண்டுபோய் விடுகிறவருக்கு அங்கே கமிஷன் உண்டு. அவர் முன்னாலேயே விடுதிக்கு ஒரு அழைப்பு போடுங்கள், அதற்கு மேல் அவர் நிற்கமாட்டார். பனங்கிழங்கும் கருவாடும் கட்டிய ஓலைப்பெட்டியோடு போகிற நம்மவர்களை வெளியூர்க்காரர் என்று அவர்கள் தொலைவிலேயே கண்டுகொள்வது வேறு விஷயம்.

செயலி வழியே வண்டி அழைத்தால், எண் பலகையைத் திரையோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே ஓடிபியைச் சொல்லுங்கள். தெருவில் பிடிக்கும் ஆட்டோ என்றால், ஏறுவதற்கு முன் அதன் எண்ணை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். வண்டி சரியாகப் படவில்லையா, அறையும் உறுதியில்லையா, நிலையத்தை விட்டு வெளியேறவே வேண்டாம். விளக்கும் ஆட்களும் ரயில்வே காவலரும் இருக்கும் காத்திருப்புக் கூடத்தில் பயணச்சீட்டோடு உட்கார்ந்திருப்பதில் எந்தக் கூச்சமும் தேவையில்லை. தாம்பரத்திலிருந்து அதிகாலையிலேயே புறநகர் மின்ரயில்கள் ஓடத் தொடங்கிவிடும். எழும்பூர்க்காரர்களுக்கு ஐந்து மணிவாக்கில் மெட்ரோ வந்துவிடும். பெரிய நிலையங்களில் ரயில்வே ஓய்வறைகளும் உண்டு. பயணச்சீட்டின் பிஎன்ஆர் எண்ணைக் கொண்டு முன்கூட்டியே அவற்றைப் பதிவு செய்யலாம்.

ரயிலிலோ நிலையத்திலோ தொல்லை என்றால் 139, தெருவில் என்றால் 112, பெண்களுக்கு 181. கடைசியாக, வயது வந்த ஒவ்வொருவரும் அசல் அடையாள அட்டையைப் பெட்டியின் அடியில் போடாமல் கையில் வைத்திருங்கள். அது இல்லாமல் எந்த நேரத்திலும் எங்களால் சாவியைக் கொடுக்க முடியாது.