ஈரத்தில் நின்றும் வாடும் செடி

நேயர்களுக்கு வணக்கம். ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் சின்னதாக ஒரு நாற்றுப்பண்ணை வைத்திருக்கிறேன். போன மாதம் ஒரு கல்லூரிப் பெண் மணி பிளான்ட் கன்றைத் தொட்டியோடு தூக்கிக்கொண்டு வந்தாள். "தினமும் தண்ணி ஊத்துறேன்க்கா, ஆனாலும் தொங்கிப்போகுது" என்றாள். மண்ணில் விரலை விட்டால் சொதசொதவென்று ஈரம். தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருந்தது; நகத்தால் சுரண்டினேன், மாவு மாதிரி உதிர்ந்தது. "போர் தண்ணியாம்மா?" என்றேன். ஆமாம் என்றாள்.

நம் கரையோரத்தில் பல வீடுகளில் போர் தண்ணீர் உப்புதான். தொட்டியில் ஊற்றிய தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு மண்ணிலேயே தங்கிவிடும். உப்பு ஏற ஏற, வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. கருவாட்டுக்கு உப்பு போட்டதும் மீனிலிருந்து நீர் கசிந்து வருகிறதே, அதே சங்கதி. ஈரத்துக்குள் நின்றுகொண்டே செடி தாகத்தில் வாடும். நாம் பதறிப்போய் இன்னும் ஊற்றுவோம். காற்று கிடைக்காமல் வேர் அழுக ஆரம்பிக்கும். வாட்டத்தைப் பார்த்து உரம் போடுவது அதைவிடக் கெடுதல். ரசாயன உரமும் உப்புதான்.

முதலில் தினமும் ஊற்றுவதை நிறுத்துங்கள். தொட்டியை மெல்லக் கவிழ்த்து வேரைப் பாருங்கள். பழுப்பாகிக் கொழகொழவென்று நாற்றமடிக்கும் வேரைக் கத்தரித்துவிட்டு, புது மண்ணில் வையுங்கள். வெள்ளையாக, கெட்டியாக இருந்தால் இடம் மாற்றவே வேண்டாம், மண்ணை அலசினால் போதும். தொட்டி கொள்ளும் அளவுக்கு இரண்டு மடங்கு மழைத்தண்ணீரை நிதானமாக ஊற்றி, அடித்துளை வழியாக முழுக்க வடியவிடுங்கள். தட்டில் தேங்குவதைக் கொட்டிவிட வேண்டும், இல்லையென்றால் அந்த உப்பு திரும்ப மேலே ஏறும். அதற்கப்புறம் மேல்மண் ஓர் அங்குலம் காயும்வரை தண்ணீர் காட்டாதீர்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையை ஒரு டிரம்மில் பிடித்து, கொசு நுழையாமல் மூடி வையுங்கள். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரும் சரிதான். ஆர்.ஓ. கழிவுநீர் மட்டும் வேண்டவே வேண்டாம். வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது.

கடலைப் பார்த்த ஜன்னலில் செடி இருந்தால், வெளிச்சம் குறையாமல் இரண்டடி உள்ளே தள்ளி வையுங்கள். இலையில் படிந்த உப்பை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.

கருகிய நுனி மறுபடி பச்சையாகாது. அதைப் பார்த்து மனம் தளராமல் துளிரைக் கவனியுங்கள். மூன்றாவது வாரம் அந்தப் பெண் போனில் ஒரு படம் அனுப்பினாள். வெற்றிலைச் சுருள் போல ஓர் இளம் இலை, நுனி சுத்தமான பச்சை. இன்னும் ஓர் இலை விரியட்டும்மா, உரத்தை அப்புறம் பார்த்துக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். வணக்கம்.