ஆர்டர் போடுகிற மேசையைப் பாருங்கள்

(நிறுவன நிர்வாகிகளும் கொள்முதல் அலுவலர்களும் கூடிய அரங்கில் ஆற்றிய உரை)

அவையோருக்கு வணக்கம்.

இந்த அரங்கில் யாரும் அடிமை வைத்திருக்கவில்லை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நாம் வாங்கும் சரக்கில் அடிமை உழைப்பு கலக்கவில்லை என்று அடித்துச் சொல்ல எத்தனை பேரால் முடியும்? உலகில் 2 கோடியே 76 லட்சம் பேர் கட்டாய உழைப்பில் சிக்கியிருப்பதாகப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் அதன் பங்காளி அமைப்புகளும் 2022-ல் மதிப்பிட்டன. பாலியல் சுரண்டலைத் தனியே வைத்துவிட்டாலும், தனியார் துறையில் மட்டும் 1 கோடியே 73 லட்சம் பேர். ஆலை, கட்டுமானம், விவசாயம், சேவைத்துறை என்று நாம் அன்றாடம் கைகுலுக்கும் தொழில்களில்தான் இவர்களில் பெரும்பாலோர் இருக்கிறார்கள்.

இவர்கள் காலில் விலங்கைத் தேடினால் கிடைக்காது. கடனைத் தேடுங்கள். வேலை வாங்கித் தருவதாகச் சொன்ன ஏஜென்டுக்குக் கொடுக்க வட்டிக்கு வாங்கிய பணம் அது. வந்து இறங்கியதும் சொன்ன வேலை வேறு, கொடுக்கிற சம்பளம் வேறு. பாஸ்போர்ட் ‘பத்திரமாக’ ஆபீஸ் பீரோவில் இருக்கும். வேலையை விட்டுப் போகலாமே என்று கேட்பவர்கள், ஊரில் வட்டி ஏறிக்கொண்டிருப்பதை மறந்துவிடுகிறார்கள்.

ஒரு சம்பளச் சீட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். அடிப்படைச் சம்பளம் சட்டப்படி சரியாகவே இருக்கும். அதற்குக் கீழே பிடித்தங்கள் வரிசையாக வரும்: தங்குமிடம், சாப்பாடு, வண்டி, சீருடை, முன்பணம். கடைசியில் ‘இதர’ என்று ஒரு வரி. நான் முதலில் விரல் வைப்பது அந்த ‘இதர’வில்தான். என்ன பிடித்தம் என்று கேட்டால் கணக்காளர் மேலாளரைப் பார்ப்பார், மேலாளர் ஒப்பந்ததாரரைக் கைகாட்டுவார். அந்தச் சீட்டுக்கு உரியவருக்கோ, அது எந்த மொழியில் அச்சாகியிருக்கிறது என்பதே தெரியாது.

‘சப்ளையர்களின் ஆலைகளில் தொழிலாளர் நிலையை நாங்கள் ஆடிட் செய்கிறோமே’ என்பீர்கள். பாகிஸ்தானின் கராச்சியில் அலி என்டர்பிரைசஸ் ஆடை ஆலைக்கு 2012 ஆகஸ்டில் சர்வதேசச் சமூகப் பொறுப்புச் சான்றிதழ் கிடைத்தது. செப்டம்பரில் தீப்பிடித்து 250-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஜன்னல்களில் கம்பி, வெளியேறும் வழிகளில் பூட்டு. அது கட்டாய உழைப்பு வழக்கு இல்லைதான். ஆனால் பூட்டிய கதவைக்கூடத் தடுக்காத சான்றிதழ், கண்ணுக்குத் தெரியாத கடனை எப்படிப் பிடிக்கும்? முன்கூட்டியே தேதி சொல்லிவிட்டு வருகிற ஆடிட்டருக்கு, மேலாளர் பொறுக்கி நிறுத்திய நாலு பேர் பயிற்சி பெற்ற பதிலைச் சொல்வார்கள்.

சட்டம் இருக்கிறது. பிரிட்டன் 2015-லும் ஆஸ்திரேலியா 2018-லும் நவீன அடிமைமுறைச் சட்டங்கள் இயற்றின. தங்கள் தொழிலிலும் சப்ளையர்களிடமும் அடிமை உழைப்பைத் தடுக்க என்ன செய்தோம் என்று பெரிய நிறுவனங்கள் ஆண்டுதோறும் அறிக்கை வெளியிட வேண்டும். இதில் ஒரு வேடிக்கை: ‘நாங்கள் எந்த நடவடிக்கையும் எடுக்கவில்லை’ என்று எழுதினாலும் பிரிட்டன் சட்டப்படி அது செல்லுபடியாகும் அறிக்கைதான்! ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் கொண்டுவந்த விதி அப்படிப்பட்டதில்லை. கட்டாய உழைப்பில் உருவான பொருளையே 2027 டிசம்பர் முதல் அதன் சந்தையில் விற்க முடியாது.

இப்போது நம் மேசைக்கு வருவோம். ஆர்டரை உறுதி செய்கிறோம். பத்து நாள் கழித்து டிசைனை மாற்றுகிறோம், அளவைக் கூட்டுகிறோம், டெலிவரி தேதியை மட்டும் நகர்த்துவதில்லை. விலையிலும் கொஞ்சம் குறைக்கச் சொல்கிறோம். சப்ளையர் முடியாது என்று சொல்லமாட்டார். பாதி வேலையை நமக்குப் பெயர்கூடத் தெரியாத ஒரு பட்டறைக்குத் தள்ளிவிடுவார். பட்டறைக்காரர் ஆளுக்காகத் தரகருக்குப் போன் செய்வார். இந்தச் சங்கிலியைத் தொடங்கிவைத்த மின்னஞ்சல் யாருடைய கணினியிலிருந்து போனது? தொழிலாளர் நலனைக் கண்காணிக்கத் தனிப்பிரிவு வைத்துவிட்டு, விலையைக் குறைத்ததற்காகக் கொள்முதல் பிரிவுக்கு ஊக்கத்தொகை கொடுக்கும் நிறுவனம் தன்னோடு தானே மல்லுக்கட்டுகிறது.

வெகுதூரம் போகவும் வேண்டாம். நம் கட்டடத்தைத் துப்புரவு செய்பவர், வாசலில் காவல் நிற்பவர், கிடங்கில் மூட்டை இறக்குபவர் எல்லாம் யார் வழியாக வந்தார்கள்? அவர்களிடம், மேற்பார்வையாளர் பக்கத்தில் இல்லாதபோது, அவர்கள் மொழியிலேயே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த வேலைக்காக யாருக்காவது பணம் கொடுத்தீர்களா? ஆள்சேர்ப்புக் கட்டணத்தைத் தொழிலாளி தலையில் வைக்கக் கூடாது, முதலாளிதான் ஏற்க வேண்டும் என்பது பன்னாட்டு அளவில் ஒப்புக்கொண்ட நெறி.

கொடுத்தோம் என்று பதில் வந்தால், உடனே ஒப்பந்தத்தை ரத்து செய்துவிட்டுக் கை கழுவாதீர்கள். வேலை போகும், கடன் அப்படியே நிற்கும். கட்டிய பணம் தொழிலாளிக்குத் திரும்பிவர வேண்டும். ரசீது கேட்காதீர்கள், தரகர் ரசீது கொடுப்பதில்லை. ஒரே ஊரிலிருந்து வந்த பலரிடம் தனித்தனியே விசாரித்தால் தொகை ஏறக்குறையத் தெரிந்துவிடும். அதில் நம் பங்கு எவ்வளவு என்று சப்ளையரோடு உட்கார்ந்து பேசுங்கள். முழுவதையும் அவர் தலையில் கட்டினால், அடுத்து வரும் ஆட்களிடம் அதை வசூலித்துவிடுவார்.